சிவப்புப் பாறை வந்ததும் சொல்லும் கதை

ஏப்ரல் 6

தம்பிக்கு,

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று தெரிந்துவிட்டது.

நான் இன்னும் அதே பல் செட் செய்யும் கூடத்தில்தான் இருக்கிறேன். என் மேசை ஜன்னலோரம். செய்த பல்லின் நிறம் ஆளின் சொந்தப் பல்லோடு ஒத்துப்போகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பது என் வேலை. பக்கத்து மேசையில் மெழுகு வேலை செய்கிறவள் போன வாரம் கணவனோடு உங்கள் ஏரிக்கு வந்திருந்தாள். திங்கட்கிழமை மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கள் ஆறு பேருக்கும் படகுப் பயணத்தை ஆதியோடந்தமாக விவரித்தாள். பாறைச் சுவர் எப்படி ஓரிடத்தில் பச்சை, ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்ட மாதிரி வெள்ளை என்று. நான் அந்த ஊர்க்காரி என்பது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பிறகு சொன்னாள். "சிவப்புப் பாறை வந்ததும் படகை நிறுத்திடறாங்க. மைக்ல பேசறவன் குரலை அப்படியே இறக்கிடறான். 'அந்த உச்சியைப் பாருங்க. அங்கதான் ஒரு அம்மா தினமும் வந்து நின்னாங்க. அவங்களுக்கு ஒரே மகள். அடுத்த படகுல திரும்பி வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனவ. அம்மா ஒவ்வொரு படகா எண்ணிக்கிட்டே நின்னாங்க. மகள் வரவே இல்லை. ஒருநாள் மஞ்சள் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்தவங்க, தூரத்துல வர்ற படகுல மகள்தான் நிக்கறான்னு நினைச்சு ரெண்டு கையையும் நீட்டி...' அய்யோ, எனக்கு அழுகையே வந்துடுச்சுடி. பெத்தவளை இப்படித் தவிக்க விட்டிருக்காளே, எப்படிப்பட்ட மகளா இருப்பா! நல்லா இருப்பாளா அவ?"

ஐந்து பேரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன். வேறு என்ன செய்ய?

அந்த மஞ்சள் ஸ்வெட்டர் நான் வாங்கி அனுப்பியது. பார்சலைப் பிரித்ததும் அம்மா போன் செய்து, "இது என்னடி, நடந்து போனா பூசணிப்பூ போற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அதைக்கூட நீ விட்டுவைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். உன் கதையில் அந்த அம்மாவுக்கு ஒரே மகள். மகன் என்று ஒருவனே இல்லை. நீ எங்கே போனாய்?

அந்தக் கதையை நாளையிலிருந்து சொல்லக் கூடாது. அக்கா சொல்கிறேன் என்று கேட்க வேண்டாம். செத்துப்போனவளுக்காகக் கேள்.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படகுத்துறையில், லைஃப் ஜாக்கெட்டுகளைக் காயப்போடும் கொடிக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

கதையில் உன் பெயர் இல்லை, முகம் இல்லை, வேலை இல்லை. உலகத்தில் ஊரைவிட்டுப் போன மகள் நீ ஒருத்திதானா? உன் பக்கத்து மேசைக்காரி அழுதாள் என்று புகார் எழுதியிருக்கிறாய். அவளை அழவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பச்சை என்றால் செம்பு, சிவப்பு என்றால் இரும்பு, கறுப்பு என்றால் மாங்கனீசு. இதை எத்தனை நேரம் கேட்பார்கள்? இருபது நிமிடம் படம் எடுப்பார்கள், பிறகு தலையைக் குனிந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிஜப் பாறை எதிரே நிற்கும். சிவப்புப் பாறைக் கதை வந்தால்தான் தலை நிமிர்கிறது.

நீ கேட்டதற்கு நானும் கேட்கிறேன். அம்மா அந்த உச்சிக்குப் போனது பொய்யா? போனாள். ஊரே பார்த்தது. நீ நாலு வருடம் வராதது பொய்யா? வரவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் "அடுத்த லீவுக்கு" என்றாய். அதைத்தான் நான் "அடுத்த படகு" என்று மாற்றிச் சொன்னேன்.

மகன் எங்கே போனான் என்கிறாய். மகன் ஆஸ்பத்திரி வரிசையில் அம்மாவின் முட்டிவலிக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றான். சமையலறைக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். கூடவே இருந்தவனுக்காக யார் அழுவார்கள்? அது கதைக்கு உதவாது, அக்கா. போனவளுக்குத்தான் கதை.

அடக்கத்துக்கு உனக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கவில்லை என்ற கோபத்தில்தான் அன்றைக்கு வாசலிலேயே சண்டை போட்டுவிட்டுப் போனாய். அதே கோபம்தான் இப்போது வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. டாக்டர் வைத்திருக்க முடியாது என்றார். எத்தனை முறை சொல்வது?

தம்பி

*

மே 2

தம்பிக்கு,

உன் கடிதம் நன்றாக இருந்தது. உனக்கு வாய் மட்டும்தான் என்று நினைத்தேன், கையும் பேசுகிறது. "உன் தம்பி வாய்க்கு மைக் வேற குடுத்துட்டாங்க, இனிமே ஏரி தாங்காது" என்று அம்மா சொல்வாள்.

என்னைப் போகச் சொன்னதே அவள்தான். இங்கே பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற தாளை மடித்து என் கையில் வைத்து, "ரெண்டு பேரும் இந்தத் தண்ணியையே பார்த்துக்கிட்டு உட்கார வேணாம். ஒருத்தராவது போங்க" என்றாள். நீ அப்போது துறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். முதலில் உன்னைத்தான் கேட்டாள். நீ மாட்டேன் என்றாய். மறந்துவிட்டதா?

நாலு வருடம் வரவில்லை என்பது உண்மை. முதல் வருடம் லீவு தரவில்லை. பிறகு தந்தார்கள், நான்தான் வரவில்லை. காரணம் சொன்னால் நீ அதையும் மைக்கில் போடுவாய். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தேன். முட்டிவலி சொல்லுவாள், உன் சாப்பாட்டுக் குறை சொல்லுவாள், பக்கத்து வீட்டுப் பூனை சொல்லுவாள். ஒருநாள்கூட "உன்னை எதிர்பார்த்து மலைமேல் போய் நிற்கிறேன்" என்று சொன்னதில்லை. மாடிப்படி ஏறவே முனகுகிறவள் தினமும் அவ்வளவு உயரம் ஏறினாள் என்கிறாய். எதற்கு?

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். அன்றைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு அம்மாவின் பொருட்களை வாங்கியவள் நான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி ஒன்று, உடைந்தது. செருப்பு, இடது கால். துணிப் பை இரண்டு. கொத்தனார் கரண்டி ஒன்று.

அன்றைக்கு அழுகையில் எதையும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். மகள் வருகிறாளா என்று பார்க்கப் போகிறவள் கையில் கொத்தனார் கரண்டி எதற்கு?

அக்கா

*

மே 14

அக்காவுக்கு,

சீசன் தொடங்கிவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு நடை, ஞாயிறு மூன்று. நீளமாக எழுத நேரமில்லை.

அம்மா மொட்டைமாடியில் தொட்டிச்செடி வைத்திருந்தாள். அதற்கு மண் எடுக்கப் போயிருப்பாள். கரண்டி அதற்குத்தான். இதில் துப்பறிய ஒன்றுமில்லை.

உனக்கு அவ்வளவு வருத்தமென்றால் கதையை மாற்றிவிடுகிறேன். மகளுக்குப் பதிலாகக் கணவன் என்று வைக்கிறேன், கப்பலுக்குப் போனவன் என்று. ஸ்வெட்டரை நீலமாக்கிவிடலாம். இதோடு விடு.

வருகிற யோசனை இருந்தால் இப்போது வேண்டாம். வீடு முழுக்கச் சாமான். உனக்குப் படுக்க இடமிருக்காது.

தம்பி

*

ஜூன் 8

தம்பிக்கு,

வந்துவிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிப் படகு. தூறல் இருந்ததால் எல்லோரும் மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டிருந்தார்கள், எனக்கு வசதியாகப் போயிற்று. மேல்தளத்தில் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் ஒரு புதுக்கல்யாண ஜோடி.

பிறந்து வளர்ந்த ஏரியை நான் டிக்கெட் எடுத்துப் பார்த்தது அதுதான் முதல்தடவை. நனைந்த பாறைக்கு இத்தனை நிறம் உண்டு என்பதை மறந்திருந்தேன். பச்சை என்றால் ஒரே பச்சை இல்லை. நான் எண்ணினேன், ஏழு. நீ நன்றாகத்தான் பேசுகிறாய். "எல்லாரும் ஒரே பக்கம் வராதீங்க, படகு சாய்ஞ்சா எனக்கு நீச்சல் தெரியாது" என்றபோது நானே சிரித்துவிட்டேன்.

சிவப்புப் பாறை வந்தது. நீ கணவனையும் வைக்கவில்லை, கப்பலையும் வைக்கவில்லை. அதே மகள். அதே மஞ்சள். "மகள் வரவே இல்லை" என்று சொல்லிவிட்டு, மைக்கை வாயிலிருந்து கொஞ்சம் தள்ளி மூன்று விநாடி நிறுத்தினாய். புறங்கையால் கண்ணைத் துடைத்தாய். பக்கத்து ஆள் மனைவியிடம், "நல்லா பண்றான் இல்ல?" என்றான். அவள், "ஷ்ஷ், நிஜம் போல இருக்குங்க" என்றாள்.

இறங்கியதும் நேராகப் பேருந்துக்குப் போயிருப்பேன். டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துக் கடையில் சின்னக் கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக இருந்தன. உள்ளே வண்ண மண் அடுக்கடுக்காக. பாறையின் நிறங்களை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று எழுதியிருந்தது. நிறம் பார்ப்பது என் தொழில் அல்லவா, கையில் எடுத்துப் பார்த்தேன். பச்சையும் கறுப்பும் அசல். சிவப்பு அசல் இல்லை.

கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "கண்டுபிடிச்சிட்டீங்களே! அது செங்கல் தூளும்மா. அசல் சிவப்பு உச்சியில மட்டும்தான் கிடைக்கும். தோண்டக் கூடாதுன்னு போர்டு இருக்கு, யாரும் போறதில்லை. முன்ன ஒரு அம்மா கொண்டுவந்து தருவாங்க. இதோ, மைக்ல பேசறாரே, அவரோட அம்மாதான். குப்பியில போட்டு விக்கலாம்னு முதல்ல என்கிட்ட வந்து பேசினதே அவர்தான். பாவம், அந்த அம்மா ஒருநாள் மண்ணெடுக்கப் போன இடத்துலயே..." என்று நிறுத்திக்கொண்டு, "ஊரைச் சுத்திப் பார்க்க வந்தவங்ககிட்ட அதெல்லாம் எதுக்கு? குப்பி எத்தனை வேணும்?" என்றாள்.

வீட்டுக்கு வரவில்லை. படுக்க இடமிருக்காது என்று எழுதியிருந்தாயே.

இப்போது நீயே சொல். அன்றைக்கு அவளை மேலே அனுப்பியது யார்?

அக்கா

*

ஜூன் 20

அக்கா,

அன்றைக்குப் படகில் உன்னைப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒருத்தி பாறையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது பேரில் பாறையைப் பார்க்காத ஆள் ஒருத்திதான். யாரென்று தெரிந்தபோது கதை பாதியில் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. இறங்கும்போது பின்னால் வந்தேன். நீ குப்பிக் கடையில் நிற்பதைப் பார்த்ததும் திரும்பிப் போய் ஜாக்கெட்டுகளை எண்ணினேன். ஏற்கெனவே எண்ணியவைதான்.

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

குப்பி யோசனை என்னுடையது. அம்மா சமையலறை மேசையில் காகிதத்தைச் சுருட்டிப் புனல் செய்து, மூச்சுக்கூட விடாமல் மண்ணை அடுக்குவாள். அவள் கைக்கு அது வசப்பட்டது. மண் எடுக்க முதலில் நான்தான் போனேன். என்னைப் பார்த்தால் காவலாளி சந்தேகப்படுகிறான், வயதான பொம்பிளை போனால் கேட்கமாட்டான் என்று அவளை அனுப்பத் தொடங்கினேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் சொன்னேன். "பெரியவகிட்ட பொய் சொல்ல வாய் வரலைடா" என்பாள். "பொய் சொல்லாதே, சொல்லாமல் இரு" என்பேன்.

அன்றைக்கு விடியற்காலையில் மழை. எட்டு மணிக்கு விட்டது. பதினொரு மணிக்கு நான்கு பேருந்தில் ஆட்கள் வருவதாகத் தகவல், கடையில் சிவப்பு இல்லை. அம்மா காலை நீட்டி முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "வழுக்கும்டா, நாளைக்குப் போறேன்" என்றாள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு யாரு வரப்போறா? சும்மா உட்கார்ந்து தேய்ச்சுக்கிட்டு இருந்தா முட்டி சரியாயிடுமா? ரெண்டு பைதானே?" என்றேன். எழுந்து ஸ்வெட்டரை மாட்டினாள். அவ்வளவுதான் அக்கா. இதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை. இன்னொரு நாளாக இருந்தால் மறந்தே போயிருக்கும்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது.

பத்து மணிப் படகு சிவப்புப் பாறைக்கு வந்தபோது நான் ஆட்களைப் பார்த்து நின்றிருந்தேன், பாறைக்கு முதுகு. மேல்தளத்தில் ஒரு அம்மா கத்தினாள். "அங்க மஞ்சளா ஏதோ விழுந்துச்சு!" எல்லோரும் எழுந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் மண் மட்டும் சரிந்துகொண்டிருந்தது. மைக்கில் சொன்னேன்: "உட்காருங்க, உட்காருங்க, பயப்படாதீங்க. இந்த மலைக்கு வயசாயிடுச்சு, மழை பெஞ்சா ஒண்ணு ரெண்டு பல்லு கொட்டும். எங்க அக்கா பல் செட்டுதான் செய்யறா, வரச்சொல்லிக் கட்டிவிட்டுடலாம்."

சிரித்தார்கள். படகு நகர்ந்தது.

மதியம் வீட்டுக்குப் போனேன். அம்மா இல்லை. எனக்குத் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். குப்பிக் கடையில் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். இரண்டு மணி நடையில் படகோட்டி சுக்கானைப் பிடித்தபடியே, "டேய் மைக், கீழ பாறையில என்னடா அது மஞ்சளா?" என்றான். அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் வைத்திருக்க முடியாது என்று சொல்லவில்லை. நீ வரும்வரை வைத்திருக்கலாம் என்றுதான் சொன்னார். நான்தான் அவசரப்படுத்தினேன். அம்மாவின் நகக்கண் எல்லாம் சிவப்பு மண். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நீ வந்தால் முதலில் கையைத்தான் பிடிப்பாய். நிறம் உனக்குத் தப்பாது.

அடுத்த சீசனில் யாரோ ஒருத்தர், "இங்க ஒரு அம்மா விழுந்துட்டாங்களாமே, ஏன்?" என்று படகில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "அவங்களுக்கு ஒரே மகள்" என்று வந்தது. சொல்லச் சொல்ல எனக்கே சுமை குறைந்தது. ஆறு மாதத்தில் அதுதான் நடந்தது என்று நானே நம்பிவிட்டேன். உன்மேல் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. அந்தக் கண்ணீரும் நடிப்பில்லை. அதுதான் கேவலம்.

தம்பி

*

ஜூலை 1

தம்பிக்கு,

கடிதத்தை வேலைக்கூடத்திலேயே படித்தேன். வீட்டில் படிக்கத் தைரியம் இல்லை. பாதியில் எழுந்துபோய்க் கை கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியவில்லை.

நீ அனுப்பினாய், அவள் போனாள், வழுக்கினாள். அதற்காக உன்னைக் கொலைகாரன் என்று சொல்லமாட்டேன். நானும் போனில் அவளை அதட்டியிருக்கிறேன், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்திருக்கிறேன். மலையும் மழையும் நடுவில் வராததால் தப்பித்துக்கொண்டேன். பல் கொட்டுகிறது என்று சொல்லிச் சிரிக்கவைத்தாயே, அதையும்கூட, தெரியாமல் சொன்னது என்று என்றாவது ஒருநாள் விழுங்கிவிடுவேன்.

விழுங்க முடியாதது வேறு. ஐந்து வருடம் நானும் நம்பினேன். நீ கதை சொல்வது தெரியாமலேயே நம்பினேன். நான் போயிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்று. கல்யாணத்துக்குக் கேட்டு வந்த ஒருவரிடம், "பெத்தவளையே பார்த்துக்கத் தெரியாதவ நான்" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு இப்போது இரண்டு குழந்தைகள். நீ கடைசியாக அந்த வாசலில் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "உன்னை நினைச்சு நினைச்சே போயிட்டா." கையில் அம்மா தோண்டிய மண் ஒட்டிய கரண்டியை வைத்துக்கொண்டு நான் அதைக் கேட்டேன்.

உன் பொய்யில் ஒரு வரி நிஜம். நான் வரவில்லை. அதனால்தான் மீதிப் பொய்யெல்லாம் என்மேல் இவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டது.

மன்னிப்பு நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. பொய்யை ஆயிரம் பேர் முன்னால் மைக்கில் சொன்னாய். நிஜத்தை மட்டும் உறையில் போட்டு ஒட்டி எனக்கு ஒருத்திக்கு அனுப்புகிறாய். எனக்கு வேண்டாம் இது. பொய்யைச் சொன்ன இடத்திலேயே நிஜத்தையும் சொல். ஒரே ஒரு முறை சொன்னால் போதும். அதுவரை எழுதாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அக்கா,

சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஜூலை கடைசி ஞாயிறு, காலை நடை. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் சிவப்புப் பாறை வந்ததும் வாய் கட்டிக்கொண்டது. இரும்புச் சத்து என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை வைத்துவிட்டேன். அந்த ஞாயிறும் பாறை வந்தது. குரலை இறக்கவில்லை. "அந்த உச்சியிலிருந்து விழுந்தது எங்க அம்மா. நான்தான் மண்ணெடுக்க அனுப்பினேன். அவங்க வேணாம்னாங்க. விழுந்தப்ப நான் இந்தப் படகுலதான் நின்னுக்கிட்டிருந்தேன். விழுந்ததை வெச்சு ஜோக் சொன்னேன். அவங்களுக்கு ஒரு மகளும் உண்டு. அவங்க பேர்ல ஒரு தப்பும் இல்லை." இதைத்தான் சொன்னேன், வார்த்தை மாறாமல். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன்.

யாரும் அழவில்லை. ஒருத்தர், "எந்த இடம், அந்த வெடிப்புக்கு வலப்பக்கமா?" என்று கேட்டுப் படம் எடுத்தார். பத்துப் பதினைந்து பேர் பார்க்க எழுந்து ஒரே பக்கம் வந்தார்கள். படகோட்டிதான் கத்தி உட்கார வைத்தான். முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டாள். "போன மாசம் எங்க நாத்தனார் வந்தப்ப வேற கதை சொன்னீங்களாமே, மகளை எதிர்பார்த்து நின்ன கதை. எது நிஜம்?"

"இதுதாங்க."

"அது நல்லா இருந்துச்சே" என்றாள்.

மதியமே முதலாளி கூப்பிட்டார். மூன்று பேர் புகார் எழுதிக்கொடுத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. "இவங்க ஊர் சுத்திப் பார்க்க வந்திருக்காங்கப்பா, எழவு வீட்டுக்கு வரலை. உன் மனசு எனக்குப் புரியுது. கொஞ்ச நாள் நீ கீழ இரு" என்றார். இப்போது டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறேன். ஜாக்கெட் அலசுவது, இருக்கை துடைப்பது. எனக்கு வருத்தமில்லை. உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று மூன்று நாள் நன்றாகக்கூடத் தூங்கினேன்.

நான்காம் நாள் காலை, படகு கிளம்பி வளைவைத் தாண்டும்போது தண்ணீர்மேல் என் குரல் வந்தது. நான் வாளியோடு துறையில் நிற்கிறேன், அங்கே நான் பேசிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் இரண்டாவது படகு வாங்கினால் உதவும் என்று முதலாளி என்னைப் பேசவைத்துப் பதிவு செய்து வைத்திருந்தார். எனக்கு அது நினைவிலேயே இல்லை. புது ஆள் தேடாமல் அதைப் போட்டுவிட்டார். ஜோக் எல்லாம் இருக்கிறது, நீச்சல் தெரியாது என்பதும் இருக்கிறது. சிவப்புப் பாறையும் இருக்கிறது.

ஓடிப்போய்க் கேட்டேன். "அந்தக் கதையை மட்டும் வெட்டிடுங்க, கால்ல விழறேன்." அவர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். "நீ சொன்னதுதானேப்பா? நானா சொன்னேன்? அதுக்காகத்தானே பாதிப் பேர் வர்றாங்க" என்றார். படகோட்டியிடம் கேட்டேன். "எனக்கு ஆன் பண்ணத் தெரியும், ஆஃப் பண்ணத் தெரியும். நடுவுல வெட்ட எனக்கென்னடா தெரியும்?" என்றான்.

தினமும் இரண்டு நடை, ஞாயிறு மூன்று. காற்று ஏரிப்பக்கமிருந்து அடித்தால் துறைவரைக்கும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. "மகள் வரவே இல்லை" என்கிறேன். பிறகு மூன்று விநாடி நிறுத்துகிறேன். நீ வந்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும், அக்கா. அங்கே பேசுகிறவனுக்குத் தெரியாது. இனிமேல் அவனிடம் யாரும் சொல்லவும் முடியாது.

தம்பி